சேர்மனின் பணியாரச் சட்டி

சங்கிலிமுத்து வீட்டு நாய்க்குச் சேர்மன் என்று பெயர். எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அழைப்பில்லாமல் போய் முன்வரிசையில் நின்றுகொள்ளும் என்பதால் எம். புதுப்பட்டிக்காரர்கள் வைத்த பெயர் அது. தின்னுகிற வேகத்துக்கு ஏற்ற பெயர் யாருக்கும் கிடைக்கவில்லை. சங்கிலிமுத்து சோற்றுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முதுகை நிமிர்த்துவதற்குள் சட்டி காலியாகியிருக்கும். இன்னும் ஏன் வைக்கவில்லை என்கிற மாதிரி சேர்மன் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் பாதியைக் கக்கும். கக்கியதையும் அதே அவசரத்தில் தின்னும்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடந்த நாளில் அதன் வயிறு உப்பிக்கொண்டது. தட்டினால் தவில் மாதிரிச் சத்தம் வந்தது. சங்கிலிமுத்து பதறிப்போய், அதை டிவிஎஸ் ஃபிப்டியில் முழங்காலுக்கு நடுவே உட்காரவைத்து, சாத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த டாக்டரம்மா ஊசி போட்டு, வயிறு இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

"சோத்தோட காத்தையும் சேத்து முழுங்குது. இனிமே கொஞ்சங்கொஞ்சமா, பல தடவையா வைங்க. ஒரே இடத்துல குமிச்சு வைக்காம பரப்பி வைங்க. அது தேடித் தேடித் திங்கணும். இன்னொரு தடவை இப்படி உப்புனா உசுருக்கே ஆபத்து."

"பரப்பி வச்சா மண்ணையும் சேத்துல்ல தின்னுரும்?"

"அதுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணணும். பட்டாசுக் கம்பெனி தொறக்குறவரைக்கும் வீட்டுல சும்மாத்தான இருக்கீங்க?"

இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலுத்தாய்க்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. தீபாவளி லீவெல்லாம் அங்கே கிடையாது. அன்றிலிருந்து தினமும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நான் வாரேன். நீக சேர்மனப் பாத்துக்கிட்டுச் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்டினாள்.

சங்கிலிமுத்து முதலில், முழுங்க முடியாத பெரிய கூழாங்கல் ஒன்றைச் சட்டிக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் சோற்றைப் போட்டார். சேர்மன் கல்லை வாயால் கவ்வி வெளியே எடுத்து, ஓரமாகப் பத்திரமாக வைத்துவிட்டுத் தின்றது. அடுத்து தாம்பாளத்தில் பரப்பினார். அது தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுத் தனுஷ்கோடி, "என்ன மச்சான், சேர்மன் வீதி உலா கிளம்பிட்டாரா?" என்று கேட்டார்.

தாம்பாளத்தைத் திருப்பி வைக்கப் பரணில் ஏறியபோதுதான் அவர் கண்ணில் பணியாரச் சட்டி பட்டது. கனத்த இரும்பு. நகராது. அதிலுள்ள குழிகளுக்குள் நாக்கு போகும், வாய் போகாது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் குழைந்த சோற்றை அப்பி முற்றத்தில் வைத்தார்.

சேர்மன் வழக்கம்போலப் பாய்ந்தது. மூக்கு இரும்பில் முட்டியது. விலகி நின்று சங்கிலிமுத்துவை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தலையைச் சாய்த்து, நாக்கை மடக்கி, ஒரு குழியைத் துடைத்து முடித்து அடுத்த குழிக்குப் போனது. அவர் டீயை ஆற்றிக் குடித்து முடித்தபோதும் அது தின்றுகொண்டிருந்தது. அன்று கக்கவில்லை.

சாயங்காலம் வேலுத்தாய் வந்து பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"யார் சட்டின்னு தெரியுமா? ஒங்க தங்கச்சி ரோஜாகிட்ட தீபாவளிக்கு இரவல் வாங்குனது. அவ கேட்டா என்ன சொல்லப் போறீக?"

"நீயே எதையாவது சொல்லிரேன் வேலு."

"அதெப்படி? நீகளாச்சு, ஒங்க தங்கச்சியாச்சு."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவர் தள்ளிப்போட்டார். சேர்மனுக்கு விலா எலும்பு மறைந்து மேனி பளபளத்தது. பட்டாசுக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஜாவின் மகள் சினேகாவைப் பெண் பார்க்க அச்சங்குளத்திலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. தாய்மாமன் என்கிற முறையில் சங்கிலிமுத்து சலூனுக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு வந்தார். வீட்டில் வேலுத்தாய் இல்லை. முற்றத்தில் பணியாரச் சட்டியும் இல்லை. சேர்மன் மட்டும் சட்டி இருந்த இடத்தை மோந்துகொண்டிருந்தது.

"ஏ தனுஷ்கோடி, என் வீட்டுக்காரியப் பாத்தியா?"

"இப்பத்தான் மச்சான் ஒங்க தங்கச்சி வந்து, பணியாரச் சட்டியும் கையுமா அக்காளையும் கூட்டிட்டுப் போச்சு. மாப்பிள்ள வீட்டுக்குப் பணியாரமாம்."

சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ரோஜா வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா செல்லச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க" என்று அவர் எழுந்ததற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சங்கிலிமுத்து நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். முதல் ஈடு பணியாரம் தட்டில் ஆவி பறக்க இருந்தது. வேலுத்தாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் வெறும் துணித் திரைதான். நாய்ச்சட்டி என்று எப்படிச் சொல்வது?

ரோஜா தட்டைத் தூக்கினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, விடு. அவுகளுக்குக் குடுக்கணும்."

"எனக்குப் பசிக்குது."

ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டார். அண்ணம் பொத்துப்போனது. கண்ணில் நீர் வழிய, அடுத்ததைப் போட்டார். அடுத்தது. ரோஜா அவசரமாக அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றினாள். இரண்டாவது ஈடு வந்தது. அதையும் மென்றும் மெல்லாமலும் உள்ளே தள்ளினார். வேலுத்தாய் முதலில் மிரண்டுதான் போனாள். பிறகு என்ன புரிந்ததோ, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மதினி, நீங்களாவது சொல்லுங்க!" என்று ரோஜா அழுகிற குரலில் கெஞ்சினாள்.

"பசின்னு வந்தவுகள நான் எப்படித்தா தடுப்பேன்?"

திரை விலகியது. தண்ணீர் கேட்க வந்த செல்லச்சாமி, இரண்டு கன்னமும் புடைக்க நின்றிருந்த தாய்மாமனைப் பார்த்தார். திரையைத் திரும்ப இழுத்துவிட்டார். வந்தவர்களுக்குக் கடையில் வாங்கிய மிக்சரும் காபியும் போனது.

வீட்டுக்குத் திரும்பும்போது சங்கிலிமுத்துவால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

"மானத்தக் காப்பாத்திட்டேன் வேலு. அந்தச் சட்டியில சுட்டத அவுக தின்னுருந்தா என்ன ஆயிருக்கும்?"

"எந்தச் சட்டி? ரோஜாவுக்குப் புதுசா ஒண்ணு சந்தையில வாங்கி, எண்ணெய் தடவிப் பழக்கியும் வச்சிருந்தேன். அதத்தான் அவகிட்ட குடுத்தேன். சேர்மன் சட்டி வீட்டுக்குப் பின்னால தொவைக்கிற கல்லுல காயுது."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! அங்கன வச்சே சொல்ல வேண்டியதுதான?"

"மொத ஈட்டுலயே சொல்லிருப்பேன். ஆனா ஒங்க மூஞ்சியப் பாத்தா சிரிப்புத்தான் வருது, பேச்சு எங்க வருது? சரி வாங்க, வீட்டுல ஓமத்தண்ணி வச்சுத் தாரேன். காத்தையும் சேத்துல்ல முழுங்கிருக்கீக!"

அன்று பொழுது சாயும்வரை அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் சேர்மனும் படுத்திருந்தது.

சம்பந்தம் கலைந்துவிடும் என்று ரோஜா அண்ணனோடு பேசாமலே இருந்தாள். ஆனால் அச்சங்குளத்திலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. சினேகாவை மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டதாம். "பொண்ணோட தாய்மாமன் கள்ளங்கபடம் இல்லாத மனுசன். எங்களப் பாத்தும் கூச்சப்படல" என்று செல்லச்சாமி வேறு சொன்னாராம்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு ஒரு டிபன் கேரியரையும் கொண்டுவந்தார்கள். செல்லச்சாமியே அதைத் திறந்து சங்கிலிமுத்து முன்னால் வைத்தார். அடுக்கு அடுக்காகப் பணியாரம்.

"நல்லாச் சாப்பிடுங்க. பத்தலைன்னா சொல்லுங்க, வண்டியில இன்னும் இருக்கு."

மொத்தக் கூட்டமும் அவர் வாயையே பார்த்தது. சங்கிலிமுத்து ஒரு பணியாரத்தை எடுத்து, பிட்டு, ஊதி, மெதுவாக மென்று தின்ன ஆரம்பித்தார்.