தேசாதிபதியின் கேள்வி

மண்ணூரில் ராஜா வேஷம் என்றால் நடேசன்தான், அதாவது நான்தான். எனக்கு நிகராகக் குரல் உள்ளவன் இந்த வட்டாரத்தில் எவன் இருக்கிறான்? தொண்ணூற்றொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சு நாடகத்தில்கூட என்னையே கூப்பிட்டார்கள். ரோமச் சக்கரவர்த்தியின் மாகாணம் ஒன்றில் கிறிஸ்தவம் பரவுகிறது. அதை அடக்க வந்த தேசாதிபதி நான்.

"நடிச்சிட்டு வா, தப்பில்ல," என்றார் கோயில் தர்மகர்த்தா ராஜாமணி. "ஆனா எவன் வூட்ல ஒருத்தர் கிறிஸ்தவ வேதத்துல சேந்தாலும், அவன் நம்ம அம்மன் கோயில் கூத்துல வேஷம் கட்ட முடியாது."

"என் வூட்லயா? நல்லா சொன்னீங்க போங்க!" என்று சிரித்தேன். கூத்து இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்குப் படிக்கத் தெரியாது. மாலைதோறும் என் மனைவி கனகம்தான் வசனத்தை வாசிப்பாள். தேசாதிபதி விசாரிக்கும் கிறிஸ்தவக் கைதியின் பதில்களையும் அவளே சொல்வாள். "இன்னும் உறைக்கிற மாதிரி சொல்லுமே!" என்பேன். சொல்லச் சொல்ல அவள் குரல் தழுதழுத்தது. அடடா, இவளுக்கும் நடிப்பு வருகிறதே என்று பூரித்துப்போனேன். முட்டாப்பயல்!

நாடகத்தன்று சர்ச்சுத் திடலில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் ராஜாமணி. சக்கரவர்த்தி சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் விடுதலை, மறுத்தால் சாவு. கைதியாக நடித்த ஞானம்மா மறுத்தாள். நான் கூட்டத்தைப் பார்த்து, "கிறிஸ்துவை நம்புகிறவர் இன்னும் எவர் உண்டு?" என்று கர்ஜித்தேன். அதற்கு யாரும் பதில் சொல்வதாக நாடகத்தில் இல்லை.

கூட்டத்தோடு பாயில் உட்கார்ந்திருந்த கனகம் எழுந்தாள். நேராக மேடைக்கு வந்தாள்.

"நான் கீறேன்," என்றாள்.

இதுவும் நாடகம் என்று கூட்டம் கைதட்டியது. ராஜாமணி தட்டவில்லை.

"இன்னாமே இது? வெளையாடாத," என்று பல்லைக் கடித்தேன். சாம்பிராணித் தட்டை அவளிடம் நீட்டினேன். "ஒரு சிட்டிகை போட்ரு. வூட்டுக்குப் போயிடலாம்." நீட்டிய வேகத்தில் பாதி கொட்டிப்போனது.

"முடியாதுய்யா. தெனம் சொல்லிச் சொல்லி மனசுல ஏறிடுச்சி. உன்னாண்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அடிப்பாவி! வீட்டில் வைத்துச் சொல்லக் கூடாதா? அவளை அதட்ட வாயைத் திறந்தேன். மனப்பாடமாகக் கிடந்த தேசாதிபதியின் அடுத்த வசனம்தான் வந்தது, அதுவும் முழுக் குரலில்.

"இவளுக்கு உரியவன் எவன்? முன்னே வரட்டும்!"

கைதட்டல் நின்றுவிட்டது. ஊரே என்னைப் பார்த்தது. ராஜாமணி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சொல்லு நடேசா, எவன்?" என்றார். கனகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அட்டைக் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"நான்தான்," என்றேன். என் குரல் கடைசி வரிசையை எட்டாமல் போனது அன்றைக்குத்தான். ராஜாமணிக்குக் கேட்டது.