மலையை மறைத்த மூடி

அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, உட்காரவைத்த நர்ஸ் நான். ஓய்வு பெற்ற கையோடு என் இடுப்பும் ஓய்வு கேட்டது. "வெந்நீர்ல உக்காருங்க வினோதினி" என்றார் டாக்டர். அவர் சொன்னது சாதா பிளாஸ்டிக் டப். என் கணவர் முருகையன் கொண்டுவந்து இறக்கியதோ, ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற ஹாட் டப், கரண்டில் தானே சூடாகும் பெரிய தொட்டி. ஆறு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். வேங்கிக்காலில் எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர் டேங்குக்கும் மாடிப்படி அறைக்கும் நடுவே கிரேன் வைத்து இறக்கினார்கள். தெருவில் நின்று பார்த்தவர்கள் ஏதோ கார்த்திகைக்கு மலைமேல் ஏற்றும் தீபக் கொப்பரை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தொட்டி நல்ல தொட்டிதான். மூடிதான் சனியன். மெத்தைத் தடிமன், நடுவில் மடியும், தண்ணீரைக் குடித்துக் குடித்து எருமைக்கன்று போலக் கனத்தது. அதைத் தூக்க ஒவ்வொரு தடவையும் முருகையனைக் கூப்பிட வேண்டும். அவர் சும்மா தூக்கிவிட மாட்டார். "இன்னிக்கும் குளிக்கணுமா?" என்று ஆரம்பிப்பார். தூக்கும்போது ஒரு "முருகா", இறக்கும்போது ஒரு "அப்பாடா". கீழ்பென்னாத்தூரில் இருக்கும் பம்புசெட் கடையைத் திறக்க அவர் கிளம்பிவிட்டால் தீர்ந்தது, வெந்நீர் மேலே, நான் கீழே. ஊரையே தூக்கியவள் ஒரு மூடிக்காகக் கெஞ்சுவதா? யாரையும் கூப்பிடாமல் குளிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் லிஃப்டர் வரவழைத்தேன். இரண்டு இரும்புக் கைகள், ஒரு குறுக்குக் கம்பி, கார் டிக்கியில் இருப்பது மாதிரி இரண்டு பிஸ்டன். மூடியை மடித்து லேசாகத் தள்ளினால் தானே எழுந்து தொட்டிக்குப் பின்னால் நிற்கும். மாட்டித்தர வந்தவன் அடி அண்ணாமலை ஊர்க்காரன் பாலாஜி. இரும்பு கேட் வெல்டிங் செய்வான், கடைகளுக்கு போர்டும் எழுதுவான். எலுமிச்சம்பழம் நசுக்காமல் எதையும் ஓட்டிப்பார்க்க மாட்டான். பிஸ்டனுக்குக் குங்குமம் வைத்து, மூடிக்குச் சூடம் காட்டி, "இப்பத் தள்ளுங்கம்மா" என்றான்.

ஒரு கையால் தள்ளினேன். எழுந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் தன்னந்தனியாகத் தொட்டியில் இறங்கினேன். கழுத்துவரை வெந்நீர். நிமிர்ந்து நின்ற மூடி பக்கத்து வீட்டுப் பார்வையிலிருந்தும் என்னை மறைத்தது. கண்ணை மூடி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"நர்சம்மா! மலையக் காணோம்!"

பக்கத்து மாடியிலிருந்து மண்ணாங்கட்டி, அவர் பெயரே அதுதான். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாமலை உச்சியைக் கும்பிட்ட பிறகுதான் அவர் வாயில் காபி படும். எங்கள் டேங்குக்கும் படி அறைக்கும் இடையில் இருக்கும் சந்தில்தான் அவருக்கு உச்சி தெரியும். என் மூடி அந்தச் சந்தைக் கச்சிதமாக அடைத்திருந்தது.

"நாற்காலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க சார்!"

"மலையே அசையாம உக்காந்துனு இருக்குது. நான் ஏம்மா அசையணும்?"

"தெருவுக்கு எறங்குனா முழுசாத் தெரியுமே!"

"தெருவுக்குன்னா சட்டை போடணும். சட்டை போட்டுனு சாமி கும்புடறதா?"

வேண்டுமென்றே இன்னும் அரைமணி நேரம் ஊறினேன்.

அன்றிலிருந்து நான் குளித்து முடித்து மூடியை இறக்கும்வரை அவர் காபி குடிப்பதில்லை. நானும் சீக்கிரம் இறக்குவதில்லை. நாலாம் நாள், "நர்சம்மா மனசு வெச்சுக் காட்டற மலை எனக்கு வேணாம்" என்று சாப்பாட்டையும் விட்டுவிட்டார். அவர் மனைவி பச்சையம்மாள் வாசலில் வந்து நின்றார். "காபிய சுட வெச்சு சுட வெச்சு கஷாயமாயிடுச்சுமா." தெருவே அவர் மாடியில் கூடியது. யாரோ அவருக்கு உண்ணாவிரத மாலை போட்டார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் 'மலையை மீட்போம்' என்று ஒரு போர்டு தொங்கியது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஏண்டா பாலாஜி, லிஃப்டரையும் மாட்டிட்டு போர்டும் எழுதுவியா?"

"தொழிலும்மா" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

முருகையனுக்கோ முகத்தில் பழைய களை திரும்பியது. "பேசாம கழட்டிடலாம் வினோதினி. தூக்கறதுக்குத்தான் நான் இருக்கேனே." அந்தப் பெருந்தன்மையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் அந்த 'முருகா', அந்த 'அப்பாடா'. என் உயிர் போனாலும் முடியாது. லிஃப்டரை எதிர்ப்பக்கம் மாற்றலாமா என்று கேட்டால், மூடி நிற்க அங்கே இடம் கம்மி என்றான் பாலாஜி.

"சரி, நீ போர்டு எழுதறவன்தானே? மூடியில மலைய எழுது."

மூடி எழுந்து நின்றால் அதன் அடிப்பக்கம்தான் மண்ணாங்கட்டி மாடியைப் பார்க்கும். பாலாஜி அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலால் மலையை அளந்தான். பிறகு இங்கே வந்து பெயின்ட் அடித்தான். பாறை, புதர், சரிவு எல்லாம் அச்சு அசல். பழக்கதோஷம், உச்சியில் ஒரு தீபத்தையும் ஏற்றிவிட்டான்.

"கார்த்திகைக்கு இன்னும் நாள் கெடக்குது. அணைடா!" என்று கத்தினார் மண்ணாங்கட்டி. பசியிலும் குரல் குறையவில்லை. பாலாஜி அணைத்தான்.

பெயின்ட் காய்ந்த மறுநாள் மூடியைத் தூக்கினேன். மூடியிருந்தபோது மலைமேல் படிந்த நீராவி, சரிவுகளில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. தொட்டியில் இறங்கிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

"மலையில நல்ல மழை" என்றார் மண்ணாங்கட்டி ஒருவழியாக. பிறகு, "பச்சையம்மா, காபி!"

நான் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கி உட்கார்ந்தேன்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் விடியற்காலை அடைமழை. இந்த மழையில் யார் குளிப்பது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"நர்சம்மா!" மாடியிலிருந்து அதே குரல். குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போல. "மேகம் மூடிக்கிச்சு, மலை துளிகூடத் தெரில. கொஞ்சம் மூடியத் தூக்குங்கம்மா!"

முருகையன் பழக்கத்தில் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினார்.

"நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு, மாடியேறிப் போய், ஒரே கையால் மலையைத் தூக்கி நிறுத்தினேன்.