புத்தகத்தில் இல்லாத எருமை

இடைவேளை முடிந்து அரை மணி நேரம் ஆகியும் எருமை வரவில்லை. ஆவடி தியேட்டரில் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் மூன்றாம் வகுப்பு ரோஷினி. பக்கத்து இருக்கையில் அவள் அப்பன் எத்திராஜுக்கு ஏசியிலும் வியர்த்தது.

"எருமை எப்பப்பா வரும்?"

"வந்துகினே கீதும்மா. நீ பாரு."

எங்கிருந்து வரும்? கத்தரிக்கோலைக் கண்டால் ஓட்டமெடுக்கும் ராஜாவைப் பற்றிய அந்தச் சிரிப்புப் புத்தகத்தைத்தான் படமாக எடுத்திருந்தார்கள்; அதில் எருமையே கிடையாது. அம்பத்தூர் லேத் பட்டறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு பட்டாபிராமில் ரயிலிறங்கி வருகிறவன், சாயங்காலம் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவான். ஒருநாள் கண் சொக்கி வரி தப்பிப்போக, சமாளிக்க ஓர் எருமையை அவிழ்த்துவிட்டான். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்த ராஜாவின் மீசையை அது ஒரு பக்கம் மட்டும் மேய்ந்துவிட்டது. ரோஷினி விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டு, அப்புறம் தினமும் எருமைக்கு ஒரு வேலை கொடுத்தான். பாவி, அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

படத்தில் ராஜா பாடினார், ஆடினார், கடைசியில் சமர்த்தாக முடி வெட்டிக்கொண்டார். விளக்கைப் போட்டார்கள்.

"எருமைய தூக்கிட்டானுங்கப்பா."

அப்போதாவது உண்மையைச் சொன்னானா? "ஆமா கண்ணு, சினிமாக்காரனுங்க அப்டித்தான்," என்றான்.

திங்கட்கிழமை வகுப்பில், புத்தகமா படமா, எது நன்றாயிருக்கிறது என்று மிஸ் கேட்டார். ரோஷினி எழுந்து, புத்தகம்தான், அதில் எருமை வருகிறது என்றாள். எந்தப் பக்கம், காட்டு என்றார் மிஸ். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தாளாம்.

எத்திராஜ் செருப்பைக் கழற்றும்போதே மனைவி தேவிப்பிரியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீறே? புள்ள ஒரு வாய் சோறு துன்னல."

அவன் போய் மகள் எதிரே உட்கார்ந்தான். "நான்தாம்மா உட்டேன் அந்த எருமைய. நீ சிரிச்சியா, அதான்."

"தியேட்டர்ல கேட்டேன்ல?"

எத்திராஜுக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே புத்தகத்தை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் விரித்தாள். முதல் சொல்லுக்கடியில் ஆட்காட்டி விரலை வைத்தாள்.

"படிப்பா."

படித்தான். ஒரு சொல் முடிந்ததும் விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் நல்ல வேடிக்கையான இடம். படித்துவிட்டு மகள் முகத்தைப் பார்த்தான். விரல் அடுத்த சொல்லில் காத்திருந்தது.