நாலாம் நம்பர் சாம்பிள்

என் கணவர் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது அந்த ஆபீசுக்குத்தான், அவருக்கு இல்லை. மூன்று பேரிடம் விலை கேட்காமல் ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டார். ஆபீசில் அவருக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பட்டப்பெயர். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அத்தனை வருஷத்தில் தன் கையெழுத்தில் ஒரு தப்புகூட நடந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். உண்மைதான். பாதிப் பொருளை வாங்கவே இல்லையே, தப்பு எங்கிருந்து வரும்? வீட்டின் முன்னறையில் நான் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். என் தையல் மெஷின் பழுதானபோது புது மெஷின் வந்துசேரப் பதினாலு மாதம் ஆனது. அதுவரை ஊராருடைய பேன்ட் விளிம்பையெல்லாம் கையால் மடித்துத் தைத்தேன். மெத்தை, திரைச்சீலை, என் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் உட்பட எல்லாமே அவர் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. எதுவும் மோசமில்லை. எதுவும் என்னுடையதும் இல்லை.

அந்த மரத்தை மட்டும்தான் நான் யாரையும் கேட்காமல் வாங்கினேன். பட்டன் வாங்கப் போன வழியில் ஒரு நர்சரி. வாசல் மேசையில் ஒரு சாண் உயரத்தில் ஒரு ஃபைகஸ் போன்சாய், தொட்டிக்குள் குட்டி ஆலமரம் மாதிரி. நின்றேன், பார்த்தேன், வாங்கிவிட்டேன். பட்டனை மறந்துவிட்டேன்.

“ஒரு கிளை மட்டும் விறைப்பா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க,” என்றார் நர்சரிக்காரம்மா. “கம்பி சுத்திக் கொஞ்சம் கீழ இறக்கிட்டீங்கன்னா மரம் லட்சணமா ஆயிடும். புதுசா பழகுறவங்களுக்கு அலுமினியக் கம்பி போதும். கிளை கனத்துல மூணுல ஒரு பங்கு இருக்கணும், அவ்வளவுதான். அஞ்சு மாசத்துல தோட்டக் கழகக் கண்காட்சி வருது. புதியவங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு, வாங்களேன்.”

கண்காட்சியில் என் மரம். பக்கத்தில் ஒரு அட்டை. அட்டையில் என் பெயர். வீடு வரும்வரை எனக்கு அதே நினைப்பு. ஐம்பத்திமூன்று வயதில் இப்படி ஒரு ஆசை வந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் நான் செய்த வேலை இருக்கிறதே, என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல், “ஏங்க, இந்த அலுமினியக் கம்பி எங்க கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஓய்வு பெற்று எட்டு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது.

“நீ ஒண்ணும் கவலைப்படாத. கம்பியை நான் பாத்துக்கறேன்,” என்றார்.

மறுநாள் காலையில் ஒரு ஃபைல் பிறந்துவிட்டது. வெர்னியர் காலிப்பரை வைத்துக் கிளையை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தார். ஆறு மில்லிமீட்டர். ஆகவே கம்பி இரண்டு மில்லிமீட்டர். அலுமினியமா, செம்பா? அதற்கு ஒரு வாரம் படித்தார். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். வந்தவர் தன் பையிலிருந்து ஒரு கேபிள் துண்டை எடுத்து, உறையைப் பல்லால் உரித்து, “இந்தாங்க சார் செம்பு, சுத்துங்க,” என்றார். என் கணவர் அந்த மனுஷனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

பிறகு கம்பிக் கம்பெனிகளுக்குக் கடிதங்கள் போயின. சாம்பிள்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி நம்பர் போட்டார். அவற்றைக் குடைக் காம்பிலும் துடைப்பக் கட்டையிலும் சுற்றி மூன்று நாள் கண்காணித்தார். மழை வந்தபோது குடையைத் தொடக்கூடாது என்று உத்தரவு. நனைந்துகொண்டே கடைக்குப் போனேன்.

நாலாம் நம்பர் சாம்பிளை மட்டும் அவர் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. அது பழைய உறை ஒன்றில், அனுப்பியவர் முத்திரை இல்லாமல் வந்திருந்தது. “நிராகரிக்கப்பட்டது” என்று சிவப்பு மையில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

நாற்பதாவது நாள் ஒப்பீட்டு அட்டவணை தயார். ஆனால் அவருடைய ஆபீஸ் விதிப்படி முப்பது நாளுக்கு மேற்பட்ட அளவு செல்லாது. மறுபடி அளந்தார். கிளை ஏழரை மில்லிமீட்டர் ஆகியிருந்தது.

“எல்லாம் ரத்து,” என்றார். “தேவையே மாறிடுச்சு.”

மறுபடி கடிதம், மறுபடி சாம்பிள், மறுபடி குடை. எழுபத்தைந்தாவது நாள் அளந்தால் எட்டரை. அவர் மரத்தை முறைத்தார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் என் தம்பியை இப்படித்தான் முறைப்பார்.

“இது ஒத்துழைக்கவே மாட்டேங்குது.”

“மரம்னா வளரத்தானே செய்யும்?”

“கொட்டேஷன் வர்ற வரைக்குமாவது சும்மா இருக்கலாம்ல?”

பள்ளிக்கூடச் சீருடை சீசன் அப்போது. என் முன்னறையில் பாவாடையும் கால்சட்டையுமாகக் குவிந்து கிடந்தன. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. மரத்தைக் காணோமே என்று ஒருநாள் கேட்டதற்கு, “வெயில் அதிகமா இருக்குன்னு உள்ள வெச்சிருக்கேன்,” என்றார். ஐயோ, எவ்வளவு அக்கறை என்று நானும் உருகிப்போனேன்.

ஒன்பது நாள் கழித்து, நூல்கண்டு தேடிச் சாமான் அறைக் கதவைத் திறந்தேன். இருட்டில், பழைய ஃபேனுக்குப் பின்னால் என் மரம் நின்றது. முக்கால்வாசி இலை கொட்டிவிட்டது. மண் காய்ந்து பிளந்திருந்தது. தொட்டியில் ஒரு சீட்டு: “கொள்முதல் முடியும்வரை வளர்ச்சி நிறுத்திவைப்பு.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். தண்ணீர் ஊற்றும்போது அழுதுவிட்டேன். துணி கிழிந்தால் தைக்கலாம். இதை என்ன செய்வேன்?

“ரெண்டு வாரம் வெச்சிருந்தா கிளையோட அளவு அப்படியே இருந்திருக்கும்,” என்றார் பின்னால் நின்றுகொண்டு.

“இனிமே இந்தத் தொட்டி மேல உங்க விரல் பட்டுச்சுன்னா, உங்க ஃபைலைப் பூராவும் பேப்பர் பேட்டர்னா வெட்டிடுவேன்,” என்றேன். அவர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினைந்து நாளில் துளிர் விட்டது. அன்று மத்தியானம் அவர் ஏதோ தரச் சான்றிதழ் கேட்டு ஒரு கம்பிக் கம்பெனிக்குப் போயிருந்தார். நான் எல்லாச் சாம்பிளையும் கட்டிங் மேசையில் கொட்டினேன். அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. துணியை விரலில் நெருடிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தேன். ஒன்று வளைத்ததும் திரும்பி எழுந்தது. ஒன்று முரடு, கிளையை முறித்துவிடும். ஒன்று நூடுல்ஸ். வளைத்த இடத்தில் அடக்கமாக நின்றது நாலாம் நம்பர்தான்.

அடித்தண்டில் இரண்டு சுற்று. பிறகு சாய்வாக, ஒரே இடைவெளியில், கிளை நுனிவரை. இழுத்தும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் சுற்ற எனக்குத் தெரியும், முப்பது வருஷமாக நூலோடு அதைத்தானே செய்கிறேன். இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெல்ல இறக்கினேன். சடக்கென்று ஒரு சத்தம். உயிரே போய்விட்டது. பார்த்தால் என் விரல் மூட்டு. கிளை பத்திரமாக, நான் வைத்த இடத்தில் நின்றது.

சாயங்காலம் வந்தவர் குனிந்து கம்பியை உற்றுப் பார்த்தார். பிறகு, “இது ரிஜெக்ட் பண்ண சாம்பிளாச்சே,” என்றார்.

“ஆமா.”

ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். மேற்படி கம்பியால் நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று இருந்தது. படித்தேன். இந்த வீட்டில் எதிலும் என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. தெளிவாக, முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால்தான் கம்பியை எடுத்தேன். ஒரு பத்து நாளாவது முன்பே எடுத்திருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். கம்பி பட்டையில் பதிந்து, கிளை நெடுகத் திருகாணி போல ஒரு தழும்பு.

புதியவர் பிரிவில் பதினோரு மரங்கள் இருந்தன. நடுவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். என் மரத்தின் முன் வெகுநேரம் நின்றார். “இறக்கம் நல்லா வந்திருக்கு,” என்றார். பிறகு அவர் விரல் தழும்புக்கு வந்தது. “ஆனா கம்பி கடிச்சிருக்கே. இது ஆற ரெண்டு வருஷம் ஆகும். பரிசுக்கு எடுக்க முடியாதும்மா. யாரு பண்ணது இதை?”

ஒரு நொடிகூட ஆகவில்லை. என் கணவர் முன்னால் பாய்ந்து ஃபைலைப் பிரித்து, அந்தத் தாளை நடுவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“சார், இது நாங்க முறைப்படி நிராகரிச்ச கம்பி. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பாருங்க, கையெழுத்து இவங்களோடது.”

பரிசு போன வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையும் தள்ளிக்கொண்டு வேறொன்று தொண்டைவரை வந்தது. சிரிப்பு.

“ஆமாங்க,” என்றேன் நடுவரிடம். “கம்பியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சுத்தினது நான். எடுக்காம விட்டதும் நான்தான்.”

எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் நடந்த முதல் தப்பு அது. என்னுடையது.