வேலி கட்டுகிற கிழவன்

டிக்கெட் கவுண்டர் ஓட்டை வழியாக எனக்கு ஆட்களின் கைகள்தான் தெரியும். திங்கட்கிழமை பதினோரு மணிக் காட்சிக்கு உள்ளே நீண்ட கையின் மணிக்கட்டில் ஒரு தேள் பச்சை குத்தியிருந்தது. தோல் சுருங்கியதில் தேளின் கொடுக்கு மடிந்து போயிருந்தது. "ஒண்ணு குடும்மா" என்றது குரல். டிக்கெட்டை நீட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நரைத்த தாடியோடு, ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு நின்றது வீராசாமி. என் அப்பாவை வெட்டிய ஆள்.

அப்பா நமச்சிவாயம் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். கூலித் தகராறில் முன்னால் நின்றார். அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, முசரவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்தேன். அதை வாங்கிய கையில் இருந்த தேள் என் கண்ணுக்கு நேராக இருந்தது. குடித்துவிட்டு, "அப்பா எங்கடா கண்ணு?" என்றார். "பம்புசெட்டாண்ட குளிக்கப் போயிருக்காரு" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வரப்பில் இறங்கி வழியையும் கைகாட்டினேன்.

வழக்கில் சாட்சிகள் மாறிவிட்டார்கள். பிறகு வேறொரு கொலைக்காக வீராசாமி வேலூர் ஜெயிலில் பன்னிரண்டு வருஷம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் கைகாட்டியதை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும்கூட. கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, அவளுக்கு எட்டு வயது ஆன வருஷம் முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் யாருக்காவது எதையாவது கைநீட்டிக் காட்டினால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவேன். அவளுக்கு ஏன் என்று புரியாது.

அந்த வாரம் வரவேண்டிய பெரிய படம் தள்ளிப்போனதால் தியேட்டரில் ஒரு இங்கிலீஷ் படத்தைத் தமிழ் பேசவைத்துப் போட்டிருந்தார்கள். குதிரை, துப்பாக்கி என்று போஸ்டரைப் பார்த்து வந்த பையன்கள் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள். படத்தில் சண்டையே இல்லை. ஒரு காலத்தில் ஊர்களையே நடுங்கவைத்த கொள்ளைக்காரன் கிழவனாகி, ஒரு விதவையின் பண்ணைக்கு வந்து வேலி கட்டிக்கொடுக்கிறான். அவள் புருஷனைச் சுட்டது அவன்தான். அது அவளுக்குத் தெரியாது. சொல்வதற்காகத்தான் அவன் வந்திருக்கிறான், ஆனால் வேலி மட்டும்தான் நீண்டுகொண்டே போகிறது.

வீராசாமி செவ்வாய்க்கிழமையும் வந்தார். புதன்கிழமையும் வந்தார். காட்சி தொடங்கி கவுண்டரை மூடியதும் நான் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று, படத்தைப் பார்க்காமல் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக அந்த ஆளை மனசுக்குள் எத்தனையோ விதமாகக் கொன்றிருக்கிறேன். அந்தப் பிடரி இவ்வளவு மெலிந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வியாழக்கிழமை அந்தப் படத்துக்குக் கடைசி நாள். பால்கனியில் அவரைத் தவிர யாரும் இல்லை. போய் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தேன். தாத்தா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"இன்னா, டெய்லி இதே படத்துக்கு வர்றீங்க?"

"ஏசிக்கு வர்றேம்மா. வூடு தகரம் போட்டது. பத்து மணிக்கு மேல உள்ள உக்கார முடியல." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அப்பறம், இந்தாளு அந்தம்மாகிட்ட சொல்லிடுவான்னு பாக்கறேன். நாலு நாளா சொல்லவே மாட்டேங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"நான் முசரவாக்கம். நமச்சிவாயம் பொண்ணு."

அவர் திரும்பவில்லை. சீட்டின் கைப்பிடியில் இருந்த கையை மட்டும் மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார். திரையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு வூட்டாண்ட வந்து எங்கிட்ட கேட்டீங்க" என்றேன். "நான் சொல்லாம இருந்திருந்தா?"

அவர் இருமினார். இருமல் நிற்க நேரம் பிடித்தது. திரையில் விதவை விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஊரைப் பற்றி ஏதோ பேசி, திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"நீ சொல்லித்தான் போனேன்னு நெனச்சிக்கினு இருக்கியாம்மா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். உங்க தெருமுனைல சைக்கிள் கடை இருந்திச்சே, அங்கயே சொல்லிட்டாங்க, பம்புசெட்டாண்ட இருக்கான்னு."

"அப்பறம் ஏன் எங்கிட்ட கேட்டீங்க?"

"தாகம். தண்ணி கேக்கத்தான் வந்தேன். கொழந்த கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு ஒண்ணும் பேசாம போவ முடியல. அதான் எதையோ கேட்டேன்."

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். கூட்டிப் பெருக்க வந்த புவனேஸ்வரி என்னைப் பார்த்து, "இன்னாக்கா, இங்க உக்காந்துக்கினு இருக்கிற?" என்றாள். தலைவலி என்றேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்குப் போகாமல் முசரவாக்கம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். ஒரு மாதிரி லேசாக இருந்தது. அந்த லேசை நம்பவும் பயமாக இருந்தது. அவர் இருமிய அந்த நேரத்துக்குள் ஒரு சைக்கிள் கடையைப் பொய்யாகக் கட்டிவிட முடியாதா? எங்கள் தெருமுனையை எட்டு வயசுக் கண்ணால் பார்க்க முயன்றேன். புளியமரம் வந்தது, மரத்தடிக் கல் வந்தது, ஒரு ஆட்டுக்குட்டிகூட வந்தது. கடை மட்டும் ஒரு தடவை வந்தது, மறுதடவை வரவில்லை.

அம்மா வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமில்லாத நாளில் என்னைப் பார்த்ததும், "இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? புள்ள எங்க?" என்றாள்.

"ஸ்கூல் வுட்டு அவங்கப்பா கூட்டிக்கினு வந்திருப்பாரு." நான் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. "அம்மா, நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது நம்ம தெருமுனைல சைக்கிள் கடை இருந்திச்சா?"

"எப்ப?"

"அப்பா இருந்தப்ப."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருமுனைப் பக்கம் திரும்பினாள். இப்போது அங்கே ஒரு செல்போன் கடையும் அதன் பச்சை விளக்கும் இருந்தன. முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி யோசித்தாள். குடம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. குழாயை மூடாமல் அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.