லாஞ்சுக்குப் புதுக் கயிறு

செவ்வந்திக்கு அந்த லாஞ்சு கிடைத்தாக வேண்டும். அணையில் தண்ணீர் ஏறிவிட்டால், எதிர்க்கரையில் இருக்கும் பால் சொசைட்டிக்கு அவள் பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். பால் வண்டியோ ஏழு மணிக்கே கிளம்பிவிடும். போன ஐப்பசியில் பாதி நாள் பாலைத் திருப்பிக் கொண்டுவந்து உறை ஊற்றினாள். வீட்டில் தயிரைக் கண்டாலே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லாஞ்சின் சொந்தக்காரர் நாராயணசாமி கடலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே ஆற்றங்கரையில் ஆசாரிகள் பலகை பலகையாக இழைத்துக் கட்டிய அந்த மோட்டார் படகை லாரியில் ஏற்றி வந்து, இந்த மலையடிவாரத் தண்ணீரில் பதினாறு வருஷம் ஓட்டினார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விலை படிந்தும் அவர் மனம் படியவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார். மாட்டுக்காரர்கள் கையில் மரம் என்ன பாடுபடுமோ என்று அவர் முனகியது செவ்வந்தியின் காதில் விழுந்தது.

அவள் புருஷன் இருசப்பன் அதைக் கவனிக்கவில்லை. சந்தையில் காளை பார்க்கிற மாதிரி லாஞ்சைச் சுற்றிவந்தான். விலாவைத் தட்டினான். பலகையில் சுழி தேடினான். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நாராயணசாமி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மஞ்சள் தடவிய புதுக் கயிற்றைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டான் இருசப்பன். மாட்டை விற்கிறவர் பழைய கயிற்றைத் தரமாட்டார். வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். லாஞ்சைக் கட்டியிருந்த பழைய கயிற்றை அவன் முறையாக அவிழ்த்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

"உங்க லட்சுமி உங்ககிட்டயே இருக்கட்டும்ணா."

மாடாக இருந்தால் நின்றிருக்கும். லாஞ்சு நகர ஆரம்பித்தது.

"யோவ், அது போய்க்கினு இருக்குது," என்று சொல்லிக்கொண்டே செவ்வந்தி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு ஆழத்தில் எட்டி அதன் மூக்கைப் பிடித்தாள். இழுக்கவில்லை. மிரண்ட கன்றைப் பிடிப்பதுபோல ஒரு கையை அதன் விலாவில் வைத்து, வேகம் அடங்கும்வரை கூடவே நடந்தாள். அப்புறம் மெதுவாகத் திருப்பிக் கரைக்கு நடத்திவந்தாள்.

கயிறும் கையுமாக நின்ற நாராயணசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெடுக்குனு இழுக்கக் கூடாதுன்னு உனுக்கு யாரும்மா சொன்னாங்க?"

"இழுத்தா மாடு எதிர்த்துக்கும்ணா. இது மட்டும் இன்னா?"

அவர் பழைய கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எட்த்துக்கினு போம்மா. இந்த ஆள மட்டும் கயித்துகிட்ட வுடாத."

அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சுக்கான் கட்டையைக் கையில் கொடுத்து, அவரே இஞ்சினைக் கிளப்பினார். வீடு இடது பக்கம் இருந்தது. செவ்வந்தி சுக்கானை இடது பக்கம் தள்ளினாள். லாஞ்சு வலது பக்கம் திரும்பியது.

"சண்டி," என்றான் முன்னால் உட்கார்ந்திருந்த இருசப்பன், மிகுந்த திருப்தியோடு.

செவ்வந்தி ஈர முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுக்கானை இந்தத் தடவை வலது பக்கம் தள்ளினாள். லாஞ்சு தலையைத் திருப்பி அவள் வீட்டுப் பக்கம் பார்த்தது.