ஆண் குழந்தை, எட்டு மாதம்

வெசெலாவின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தபோது நெஸ்ரினுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ப்ளோவ்திவிலிருந்து கர்ஜாலிக்குப் பேருந்தில் வந்து இறங்கிய களைப்புகூடத் தெரியவில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போ, அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வா என்று மட்டும்தான் வெசெலா போனில் சொல்லியிருந்தாள். இன்னும் நாலு பழைய படம் தரப்போகிறாள் என்று நெஸ்ரினாகவே முடிவுகட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் வெசெலா, மூன்று மணிக்கே வீடு திரும்பிக் காப்பி போட்டு வைத்திருந்தாள்.

பல்கேரியாவின் இந்தப் பக்கத்துத் துருக்கியக் குடும்பங்களின் படங்களைத் திரட்டி இணையத்தில் ஓர் ஆவணக்காப்பகம் கட்டுவது நெஸ்ரினும் அவளோடு படிக்கும் காமெனும் இரண்டு வருடமாகச் செய்துவரும் வேலை. எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தில் பட்டாளத்தோடு ஊர் ஊராக வந்து, துருக்கியர் பெயர்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு பல்கேரியப் பெயர்களை மாட்டிவிட்டுப் போனது அரசாங்கம். நெஸ்ரினின் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்பில் புதுப் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நிற்காததற்கு வாத்தியாரிடம் கன்னத்தில் வாங்கியவர். அந்தப் பெயர் என்னவென்று இன்றுவரை மகளிடம் சொன்னதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், காப்பகத்துக்கு ஒரே ஒரு விதிதான் வைத்தாள்: திணித்த பெயர் எதுவும் உள்ளே வரக்கூடாது. இரண்டையும் போடலாமே, படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று காமென் சொல்லிப்பார்த்தான். உன் வீட்டில் யார் பெயரையும் யாரும் மாற்றவில்லையே என்று கேட்டாள். பல்கேரியப் பையன், அதற்குமேல் என்ன பேசுவான்? வாதத்தில் ஜெயித்த திருப்தி அவளுக்கு ஒரு வாரம் இருந்தது.

வெசெலா பிறக்கும்போது வஸ்ஃபியே. தொண்ணூறுகளில் ஊரே வரிசையில் நின்று பழைய பெயரைத் திரும்ப வாங்கியபோது இவள் மட்டும் போகவில்லை. அலைவதற்கு நேரமில்லாமல் விட்டிருப்பாள் என்று நெஸ்ரின் நினைத்தாள். கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே வஸ்ஃபியே அத்தை என்றுதான் கூப்பிட்டாள். வெசெலாவும் மறுப்பு சொல்லாமல் திரும்பிப் பார்த்தாள். மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்.

வெசெலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மெதுவாக நகர்த்தினாள். பின்னல் தொப்பி போட்ட குழந்தையின் படத்தில் விரல் நின்றது. கீழே இருந்ததை எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள். ஆண் குழந்தை, எட்டு மாதம், பெயர் தெரியவில்லை.

"பின்னால எழுதியிருக்குமே," என்றாள். "அவன் அப்பா கையெழுத்து. நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. அவசரத்தில் நடந்த பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள், சரிசெய்துவிடுகிறேன். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"பாத்தேன் அத்தை. ரோசென்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அது அரசாங்கம் கட்டாயத்துல வச்ச பேரு. வீட்டுல வேற பேரு வச்சிருப்பீங்க, கேட்டுப் போடலாம்னு இருந்தேன்." கேட்கவேயில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

வேறு பெயர் கிடையாது என்றாள் வெசெலா. குரலை உயர்த்தவில்லை. இன்னொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகி, குழந்தை வெளியில் அதற்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று பயம். பேரூராட்சி ஆபீஸில் கொடுத்த, வைக்கலாம் என்ற பல்கேரியப் பெயர்களின் பட்டியலை இதே மேசையில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வாசித்தார்களாம். சில பெயர்களுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்களாம், அந்தக் காலத்திலும். ரோசென் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பதினோரு மாதம் இருந்தான். மார்ச்சளி வந்து போய்விட்டான். கல்லறையிலும் பிறப்புச் சான்றிதழிலும் ரோசென், தாய் வெசெலா என்றுதான் இருக்கிறது.

"நான் வஸ்ஃபியேன்னு மாத்திக்கிட்டு வந்தா, அவன் யாரு பிள்ளை?"

நெஸ்ரினுக்கு முகம் எரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுதால் அதையும் இந்தப் பெண்மணியே துடைத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். காப்பகத்தில் இதுபோல் பெயர் தெரியாத குழந்தைகள் பதினேழு பேர். அந்த நாலைந்து வருடங்களில் பிறந்தவர்கள். பதினேழு படங்களின் முதுகிலும் மையால் எழுதியிருந்ததை அவள் வாசித்திருக்கிறாள்.

"இப்பவே பேரைப் போட்டுடறேன் அத்தை. ஒரு நிமிஷம்."

"வேண்டாம். எடுத்துடு."

"ஊர்ல எல்லாரும் பாக்கணும் இல்லையா? அவன் இருந்தான்னு..."

"அந்த ஆபீஸ்காரன்கூட, என்ன பேரு வேணும்னு என்னைக் கேட்டுட்டுத்தான்மா எழுதினான்." வெசெலா காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். "எடுத்துடு."

அப்பாவின் கன்னத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நெஸ்ரினுக்குத் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது? இவளுடைய பிள்ளைக்கும் அந்தக் கன்னத்துக்கும் சம்பந்தமில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்து, 'நீக்கு' என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

அடுத்திருந்த கல்யாணப் படம் நகர்ந்து வந்து காலியான கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னாலிருந்தவையும் ஒவ்வொன்றாக முன்னேறி வரிசை சேர்ந்துவிட்டன.

"எடம்கூட விடாதா?" என்று கேட்டாள் வெசெலா.

வெசெலாவின் விரல் திரையில் வைத்த இடத்திலேயே இருந்தது, யாரோ ஒரு மணப்பெண்ணின் முக்காட்டின் மேல்.